எட்டலான் என்பவர் யார்?

இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வாய்மொழி வினாவுக்கு என் முறை வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஃபாப்ரி–பெரோ குறுக்கீட்டுமானிக்கும் ஃபாப்ரி–பெரோ எட்டலானுக்கும் என்ன வேறுபாடு, தம்பி?" என்று கேட்டார். நான் சற்றும் தயங்காமல், "முதற் கருவியை இரண்டு விஞ்ஞானிகள் செய்தார்கள் ஐயா, இரண்டாவதை மூன்று பேர் சேர்ந்து செய்தார்கள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த மூன்றாமவர் எந்த நாட்டுக்காரர்?" என்று மட்டும் கேட்டார். "பிரான்சு" என்றேன். "அதுவரை சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவனை அழைத்தார்.

எட்டலான் என்று ஒரு விஞ்ஞானி பிறக்கவே இல்லை. சார்ல் ஃபாப்ரி, ஆல்ஃபிரெட் பெரோ இருவரும் உண்மையான மனிதர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் மார்சேய் நகரில் இருந்து ஆராய்ந்தவர்கள். எட்டலான் என்பதோ வெறும் பிரெஞ்சுச் சொல். கடையிலுள்ள எடைக்கற்களைச் சரிபார்க்க அரசு வைத்திருக்கும் மூல எடைக்கல் இருக்கிறதே, அதற்குப் பிரெஞ்சுக்காரர் சொல்லும் பெயர் அது. படித்தரம் என்று தமிழில் சொல்லலாம். (பொலிகுதிரைக்கும் அம்மொழியில் அதே சொல்தான் என்று புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த நண்பர் ஒருவர் பின்னாளில் சொல்லி என் மானத்தை மேலும் வாங்கினார்.)

இந்த ஒரு சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் தேர்வாளரின் கேள்விக்கு விடை அதிலேயே இருந்தது. உட்புறம் மெல்லிய வெள்ளிப் பூச்சுள்ள இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு இடையில் உள்ள தொலைவை விருப்பம்போல் மாற்ற முடிந்தால் அது குறுக்கீட்டுமானி. அத்தொலைவை மாறாமல் நிறுத்திவிட்டால், அது அளவுக்கு ஆதாரமான படித்தரம் ஆகிவிடுகிறது, ஆகவே எட்டலான். இப்பெயர் வெறும் அலங்காரம் அன்று. ஃபாப்ரியும் பெரோவும் பெனுவா என்பவரோடு சேர்ந்து, இத்தகைய தட்டுகளைக் கொண்டே ஒரு மீட்டர் நீளத்தில் காட்மியத்தின் சிவப்பு ஒளியலைகள் எத்தனை அடங்கும் என்று எண்ணி, 15,53,164 என்று 1907ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உலோகக் கோலில் இருந்த படித்தரத்தை ஒளிக்கு மாற்றும் முயற்சியில் அது ஒரு பெரிய படி.

என் அறியாமைக்கு நான் பொறுப்பு. ஆயினும் முழுப் பழியையும் நான் ஏற்க மாட்டேன். நான் படித்த நூலின் இறுதியில் அருஞ்சொற்பொருள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில், "எட்டலான் – ஒருவகை ஒளியியல் கருவி" என்று கண்டிருந்தது. யானை – ஒருவகை விலங்கு என்பது போல! இத்தகைய பட்டியல்கள் பலவற்றை ஆசிரியப் பணிக்கு வந்த பிறகு புரட்டிப் பார்த்திருக்கிறேன். அவற்றின்மேல் எனக்குள்ள குறையை இங்கே வாசகர் முன் வைக்க விரும்புகிறேன். பிற மொழிச் சொல் என்றாலே அது கிரேக்கம் அல்லது இலத்தீன், அதற்குப் பிறகு ஆங்கிலம் என்று அவை எண்ணிக்கொள்கின்றன. நடுவில் பிரெஞ்சு என்ற ஒரு மொழி இருந்ததும், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மருத்துவம், தாவரவியல், வேதியியல் ஆகியவற்றின் பெரும்பகுதி அம்மொழியில் எழுதப்பட்டதும் அவற்றின் கண்ணில் படவில்லை. அதனால் தெருவிலும் பட்டறையிலும் வழங்கிய எளிய சொற்கள் நமக்கு மந்திரங்களாகிவிட்டன.

மருத்துவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

1816ஆம் ஆண்டு. பாரிசு நகரின் நெக்கர் மருத்துவமனையில் லேனெக் என்ற இளம் மருத்துவரிடம் இதய நோய்க் குறிகளுடன் ஒரு பெண் வந்தார். அக்காலத்தில் மருத்துவர் நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பதுண்டு. இளம்பெண்ணிடம் அவ்வாறு செய்ய லேனெக் கூசினார். மரக்கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால் மறுமுனையில் தெளிவாகக் கேட்கும் என்ற செய்தி அவருக்கு நினைவு வந்தது. ஒரு கட்டுக் காகிதத்தை இறுகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். காதை நேரே வைத்ததைவிட நன்றாகக் கேட்டது! பிறகு மரத்தைக் கடைசல் பிடித்துத் தாமே குழல் செய்துகொண்டார். அதற்கு ஸ்டெதஸ்கோப் என்று கிரேக்கத்தில் பெயரிட்டார். மார்பை ஆராய்ந்து காண்பது என்று பொருள்.

தமிழில் இக்கருவியை "இதயத்துடிப்புமானி" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இப்பெயரைப் பகுதி பகுதியாகப் பாருங்கள். இக்கருவி இதயத்துக்கு மட்டும் உரியதன்று. லேனெக் 1819ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் பெரும்பகுதி நுரையீரலைப் பற்றியது. துடிப்பை எண்ணுவது இதன் தனி வேலையும் அன்று. அதற்கு மணிக்கட்டில் விரலை வைத்தாலே போதும். மானி என்பதோ முற்றிலும் பொருந்தாது. வெப்பமானியைப் போல இது எதையும் அளந்து எண்ணால் சொல்வதில்லை. இச்சொல்லை ஆக்கியவர் மருத்துவரின் கழுத்தில் கருவி தொங்குவதைப் பார்த்தாரே தவிர, ஒருமுறையேனும் அதைக் காதில் மாட்டிக் கேட்கவில்லை போலும். மார்பொலிக்குழல் என்றிருந்தால் அழகாக இராது. ஆனால் பொய்யாகவும் இராது.

கருவிக்குக் கிரேக்கத்தில் பெயரிட்ட லேனெக், அக்கருவியின் வழியே கேட்ட ஒலிகளுக்குப் பெயரிட வந்தபோது அகராதியைத் திறக்கவில்லை. தம்மைச் சுற்றி நாள்தோறும் கேட்ட ஒலிகளையே துணைக்கு அழைத்தார். நிமோனியாக் காய்ச்சல் கண்டவரின் நுரையீரலில் கேட்கும் ஒலி, பாத்திரத்தில் மெல்லச் சூடேற்றிய உப்பு வெடிப்பது போலிருக்கிறது என்றார். மற்றோர் ஒலிக்குக் காட்டுப்புறாவின் குனுகலை உவமை சொன்னார். வேறொன்றுக்குச் சிறு பறவைகளின் கீச்சொலி. நோயாளியின் குரல் மார்பின் வழியே நடுங்கி வரும்போது அது ஆடு கத்துவது போலிருப்பதால் அதற்கு ஆட்டின் பெயரால் ஒரு சொல்லை அமைத்தார். படிக்கும் மாணவன் மருத்துவமனைக்குப் போகுமுன்பே அவ்வொலிகளை வீட்டிலும் தோட்டத்திலும் கேட்டிருப்பான் என்பதே இதிலுள்ள நயம்.

இந்த ஒலிகள் அனைத்துக்கும் பொதுவாக அவர் வைத்த சொல் "ரால்". இது பிரெஞ்சில் அன்றாடச் சொல்தான். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. சாகக்கிடப்பவரின் தொண்டையில் எழும் கரகரப்பையும் மக்கள் ரால் என்றே சொன்னார்கள். நம் ஊர்களில், "பெரியவருக்கு நேற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது" என்று சொன்னால் எவருக்கும் வேறு விளக்கம் தேவையில்லை அல்லவா? அதைப் போன்ற சொல் அது. கட்டிலில் படுத்திருப்பவர் காதுபட மருத்துவர் தம் மாணவர்களிடம் "ரால் கேட்கிறது" என்றால், தம் முடிவு நெருங்கிவிட்டது என்று அந்த நோயாளி அஞ்சுவார். ஆகவே நோயாளியின் முன்னிலையில் மட்டும் பேசுவதற்காக "ராங்கஸ்" என்ற இலத்தீன் சொல்லை லேனெக் கையாண்டார். இரண்டும் ஒரே பொருள். ஒன்று ஏட்டில் எழுத, மற்றொன்று கட்டிலருகே சொல்ல.

இங்கேதான் கதை திரும்புகிறது. 1821ஆம் ஆண்டில் ஜான் ஃபார்ப்ஸ் என்பவர் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவர் ரால் என்ற சொல்லுக்கு ராங்கஸ் என்றே எழுதினார். பிரெஞ்சிலிருந்து நேரே கற்றவர்களோ ரால் என்றே சொல்லி வந்தார்கள். பின்வந்த தலைமுறையினர் இரண்டு சொற்களைக் கண்டதும், இரண்டு ஒலிகள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள்! ஈரமாக வெடிக்கும் ஒலி ரால் ஆயிற்று. குறட்டை போல நீண்டு ஒலிப்பது ராங்கஸ் ஆயிற்று. இதையும் எல்லாரும் ஒருமுகமாக ஏற்கவில்லை. நூலுக்கு நூல் பொருள் மாறியது. ஒரு மருத்துவர் நோயாளியின் தாளில் எழுதிய சொல்லை அடுத்த மருத்துவர் வேறு ஒலியாகப் படிக்க இடமுண்டாயிற்று. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா, மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறதா என்பதை அந்த ஒலியைக் கொண்டு ஊகிக்கும்போது இது சிறிய குழப்பம் அன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 1977ஆம் ஆண்டில் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தினர் ரால் என்பதற்குப் பதிலாக, வெடித்தல் என்ற பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல்லைப் பரிந்துரைத்தார்கள். அதாவது லேனெக்கின் உப்புப் பாத்திரத்துக்கே திரும்பி வந்தார்கள்! பழைய சொல்லும் இன்னும் முற்றிலும் மறையவில்லை.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். உப்பு உவமை வெறும் கற்பனை அன்று. மூச்சு வெளியேறும்போது மூடிக்கொண்ட நுண்ணிய காற்றுக்குழல்கள், மூச்சை இழுக்கும்போது ஒவ்வொன்றாகப் படீரெனத் திறக்கின்றன. அழுத்தம் ஒரு நொடிப்பொழுதில் சமமாவதால் எழும் சிறு வெடிப்பே அவ்வொலி. ஒவ்வொன்றும் 20 மில்லிசெகண்டுக்கும் குறைவாகவே நீடிக்கும். இழுப்பு நோயில் கேட்கும் சீழ்க்கை போன்ற ஒலியோ, குறுகிய குழலின் சுவர்கள் காற்றோட்டத்தில் அதிர்வதால் தொடர்ந்து எழுவது. ஒன்று வெடி, மற்றொன்று இசை. தமிழில் எழுதுவோர் இவற்றுக்குச் சொல் தேடும்போது ஆங்கில அகராதியில் ரால் என்ற சொல்லைப் பார்த்து, அங்கே கண்ட விளக்கத்தைப் பெயர்ப்பதில் பயனில்லை. தாளிக்கும் சட்டியில் கடுகு பொரிவதை ஒருமுறை கேட்டுவிட்டு, "பொரியொலி" என்று எழுதலாம். இது என் பரிந்துரை மட்டுமே. மருத்துவ நண்பர்கள் திருத்தினால் மகிழ்வேன்.

சொல்லின் பிறப்பை அறிந்துவிட்டால் அதன் இன்றைய பொருள் தானாகவே விளங்கிவிடும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அறுவை மருத்துவத்தில் "டெப்ரீட்மென்ட்" என்று ஒரு சொல் உண்டு. புண்ணில் அழுகிப்போன தசையை வெட்டி அகற்றித் தூய்மை செய்தல் என்பது அதன் இன்றைய பொருள். இடிபாடு, குப்பை என்று பொருள்படும் 'டெப்ரி' என்ற சொல்லிலிருந்து இது வந்திருக்கும் என்று பலர் நினைப்பதுண்டு. பொருத்தமாகத்தான் தோன்றுகிறது, ஆனால் தவறு. பிரெஞ்சில் 'பிரீட்' என்றால் கடிவாளம். டெப்ரீட்மென்ட் என்பது கடிவாளத்தை அவிழ்த்தல். குண்டடிபட்ட காயம் வீங்கும்போது தசையைச் சுற்றியுள்ள இறுகிய உறை விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறும். அந்த உறையைக் கீறி, கட்டை அவிழ்த்து விடுவதையே 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறுவை மருத்துவர்கள் இச்சொல்லால் குறித்தார்கள். பிறகு செயலின் தன்மை மாறியது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் வேர்ச்சொல்லைப் பெயர்த்துத் தமிழாக்கினால் நகைப்புக்கிடமாகும். இன்றைய செயலைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் என்பதும் இடம் மாறிய சொல்லே. நடமாடும் மருத்துவமனை என்ற பொருளில், படையோடு கூடவே நகர்ந்து செல்லும் மருத்துவமனை முழுவதற்கும் அது பெயராக இருந்தது. இன்று வண்டிக்கு மட்டும் பெயராகச் சுருங்கிவிட்டது. விபத்துப் பிரிவில் யாரை முதலில் கவனிப்பது என்று நோயாளிகளைப் பிரிக்கும் "டிரியாஜ்" என்ற சொல்லும் கம்பளி, காப்பிக்கொட்டை முதலியவற்றைத் தரம் பிரித்தவர்களின் சொல்தான். நெப்போலியனின் படை மருத்துவர் லாரே பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்து மருத்துவம் செய்தார் என்பது உண்மை. ஆனால் இச்சொல் மருத்துவத்தில் பரவலானது முதல் உலகப்போரின்போதுதான். இரண்டையும் ஒன்றாக்கி, சொல்லையும் அவர் தலையில் ஏற்றுவது நம் குறிப்பேடுகளின் அவசரம்.

இனிப் பொருள்களுக்கு வருவோம். பாரிஸ் சாந்து பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. பாரிஸ் என்பவர் கண்டுபிடித்த சாந்து என்று என் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். எட்டலானைப் படைத்த நான் அவரைக் கடிந்துகொள்ள முடியுமா? பாரிசு நகரின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் ஏராளமாக வெட்டியெடுக்கப்பட்டது. அக்கல்லை ஏறத்தாழ 150 டிகிரி செண்டிகிரேடு வரை சூடாக்கினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்விடும். எஞ்சிய பொடியில் நீரை ஊற்றினால் இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சற்றே சூடேறி, கல்லாய் இறுகிவிடும். இந்த வித்தையைப் பழங்கால எகிப்தியரே அறிந்திருந்தனர். ஊர்ப்பெயர் சரக்கின் பெயராயிற்று, அவ்வளவுதான். அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் அப்படியே. தென் பிரான்சில் லே போ என்ற ஊரருகே கிடைத்த தாதுவை 1821ஆம் ஆண்டில் பெர்த்தியே ஆராய்ந்து சொன்னார். அச்சிற்றூரின் பெயரையே இன்று நம் சேர்வராயன் மலைத் தாதுவுக்கும் வழங்குகிறோம்.

பொருள்களைப் பற்றிய சொற்களில் என் மனத்துக்கு மிகவும் உகந்தது "முவாரே". எழுத்தைப் பார்த்து மோயர் என்று படித்து, அதையும் ஒரு விஞ்ஞானியின் பெயராக்கிவிடுவோர் உண்டு. நீங்கள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். கொசுவலைத் துணியை இரண்டாக மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு மடிப்பும் சிறிது கோணலாக இருந்தால், வலையின் கண்களைவிடப் பன்மடங்கு பெரிய கருமையும் வெண்மையுமான பட்டைகள் தோன்றும். ஒரு மடிப்பைச் சற்றே திருப்பினால் பட்டைகள் விரைந்து ஓடும். வலைக்கண்களின் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர், திருப்பிய கோணம் 5 டிகிரி என்றால் பட்டைகளின் இடைவெளி ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். கோணத்தைப் பாதியாக்கினால் இடைவெளி இரு மடங்காகும். சிறிய அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் இந்தப் பண்பினால்தான் பொருள்களில் ஏற்படும் நுண்ணிய திரிபுகளை அளக்கப் பொறியாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது? துணிக்கடையிலிருந்து. அரபு மொழியில் ஆட்டு மயிரால் நெய்த ஒரு துணிக்கு வழங்கிய பெயர் ஆங்கிலத்தில் மொகேர் ஆயிற்று. அது பிரெஞ்சுக்குப் போய் முவார் என்று திரிந்தது. அங்கே நெசவாளர்கள் வரிவரியான பட்டை மடித்து அழுத்தி, மேற்பரப்பில் நீரலை நெளிவது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள். அப்பட்டின் பெயரே அத்தோற்றத்தின் பெயராகி, ஒளியியலுக்குள் நுழைந்தது. கதை அங்கே முடியவில்லை. கார்பன் அணுக்கள் அறுகோணக் கண்களாக ஒரே அடுக்கில் அமைந்த கிராஃபீனும் ஒரு வலைதான். அதன் கண்களின் இடைவெளி 0.246 நானோமீட்டர். இரண்டு கிராஃபீன் அடுக்குகளை 1.1 டிகிரி திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 13 நானோமீட்டர் அளவில் முவாரே அமைப்பு தோன்றுகிறது. இந்த இரட்டை அடுக்கில் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையைத் தக்கபடி அமைத்துக் கடுங்குளிரில் வைத்தபோது அது மின்தடை அற்ற மீகடத்தியானதை 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கண்டறிந்தார்கள். உலகெங்கும் ஆய்விதழ்களில் இன்று முவாரே என்ற சொல் மலிந்து கிடக்கிறது. "முவாரே – ஒருவகைக் குறுக்கீட்டுப் பட்டை" என்று எழுதிவிட்டால் கொசுவலையும் போயிற்று, பட்டும் போயிற்று. மாணவனின் கையில் எஞ்சுவது வாயில் நுழையாத ஒரு சொல் மட்டுமே.

தாவரவியலில் நிலைமை வேறு. அங்கே பிரெஞ்சுச் சொற்கள் பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள். நிக்கோட்டின் என்ற நஞ்சின் பெயருக்குரிய ழான் நிக்கோ, போர்ச்சுகலில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர். புகையிலையைச் சிறந்த மருந்து என்று நம்பித் தம் அரசவைக்கு அனுப்பினார். அவர் ஓர் அகராதி ஆசிரியரும்கூட. அவரது பிரெஞ்சு அகராதி 1606ஆம் ஆண்டில் அச்சாயிற்று. சொற்களுக்கே உழைத்தவரின் பெயர் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அலுவல் பார்த்த சொன்னராவின் பெயர், பிச்சாவரம் சதுப்புக் காட்டில் வளரும் ஒரு மரத்தின் பேரினப் பெயரிலும், நம் காட்டுக்கோழியின் அறிவியற் பெயரிலும் இருக்கிறது.

ஆட்பெயர் வைப்பதில் ஒரு நியாயக் கேடு உண்டு. அதைக் காகிதப்பூ காட்டும். போகன்வில்லா என்ற பெயர், 1766ஆம் ஆண்டில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் புகேன்வீலுக்கு உரியது. ஆனால் அச்செடியைப் பிரேசிலில் ரியோ நகரருகே 1767ஆம் ஆண்டில் சேகரித்தவர் அப்பயணத்தில் சென்ற தாவரவியலார் கொமெர்சோன். அவரோடு உதவியாளாகச் சென்றவர் ழான் பாரே என்ற பெண். பெண்களைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்று விதி இருந்ததால் அவர் ஆண் உடையில் சென்றார். கொமெர்சோனுக்குக் காலில் ஆறாத புண் இருந்தது. சுமைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறிச் செடிகளைப் பறித்ததில் பெரும்பங்கு பாரேயினுடையது. தலைவருக்குப் பூ கிடைத்தது. பாரேக்கு 1785ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு ஆண்டுக்கு 200 லிவர் ஓய்வூதியம் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் பெயரால் கொமெர்சோன் வைக்க விரும்பிய பேரினப் பெயர் நிலைக்கவில்லை. 2012ஆம் ஆண்டில்தான், கத்தரியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த சொலானம் பேரினத்தில் தென் அமெரிக்கச் செடியொன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது. நம் மக்களோ இவர்கள் எவரையும் கேட்காமல், மெல்லிய செதில்களைத் தொட்டுப் பார்த்துக் காகிதப்பூ என்றார்கள். அந்தச் செதில்கள் இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். உண்மையான பூ நடுவிலுள்ள வெள்ளைக் குழல்தான். ஆக, இந்தப் பெயரிலும் பாதிதான் உண்மை. ஆனாலும் செடியைப் பார்த்து வைத்த பெயர்.

தமிழ் வென்ற இடம் ஒன்றையும் சொல்லாமல் விட்டால் நான் ஓரஞ்சாய்ந்தவனாவேன். பாரிசில் மருந்தாளர்களான பெல்லெத்தியேயும் கவாந்தூவும் இலையின் பச்சைப் பொருளைப் பிரித்தெடுத்து, 1818ஆம் ஆண்டில் அதற்குக் குளோரோபில் என்று பெயர் வைத்தார்கள். (பின்னர்க் குயினைனைப் பிரித்துத் தந்தவர்களும் இவர்களே.) நெடுங்காலமாகத் தெரிந்த பொருளுக்குப் பெயரிடத் தங்களுக்கு உரிமையில்லை என்றும், பெரிதாக எண்ணாமல் இப்பெயரைச் சொல்லி வைப்பதாகவும் அடக்கத்தோடு எழுதினார்கள். பச்சை, இலை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்த பெயர் அது. பொருளோ இலையன்று, இலையிலுள்ளது. "பச்சையம்" என்ற தமிழ்ச் சொல்லில் அந்தத் தடுமாற்றம் இல்லை. ஐந்தே எழுத்து, ஆறாம் வகுப்புச் சிறுமிக்கும் விளங்குகிறது. இதை ஆக்கியவர் ஆங்கிலச் சொல்லைப் பார்க்காமல் இலையைப் பார்த்திருக்கிறார்.

"ஏற்கெனவே பாடம் மலைபோல் இருக்கிறது, மாணவர்கள் சொற்களின் கதையையும் படிக்க வேண்டுமா?" என்று சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்டதுண்டு. கதை முழுவதும் வேண்டாம். பட்டியலை அச்சிடுவோர் ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னும் அரை வரி இடம் ஒதுக்கினால் போதும். எந்த மொழி, அங்கே அதன் அன்றாடப் பொருள் என்ன, ஆள் பெயரா அல்லவா என்ற மூன்றும் அதில் அடங்கிவிடும். என் வகுப்பு மாணவர்களுக்காக நானே எழுதிப் படியெடுத்துத் தரும் பட்டியலின் முதல் வரி இது: "எட்டலான் – பிரெஞ்சுச் சொல், படித்தரம். இங்கே, தட்டுகளின் இடைவெளி மாறாத கருவி. ஆள் பெயர் அன்று."